சூசையின் கைக்கு ஒரு பூட்டு

நம் பயிற்சி மையத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வருகிறவர்களைப் 'பிள்ளைங்க' என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். போன வாரம் நான் வந்திருந்தபோது காதில் விழுந்தது. "பிள்ளைங்க சாப்பிட்டாச்சா", "பிள்ளைங்கள வேன்ல ஏத்தியாச்சா" என்று ஒரே பிள்ளைப் பேச்சு. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு மீசை நரைத்துவிட்டது. இன்னொருவருக்கு மூட்டுவலி. அறிவு வளர்ச்சி மெதுவாக நடந்தது என்பதற்காக வயது அவர்களை விட்டுவைக்கவில்லை. ஓய்வு பெற்றபின் வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் பொறுப்பாளர் "டீச்சர், புதுசா வந்தவங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் கொடுங்க" என்று கேட்டுவிட்டார். கேட்டதற்கு அவர் இந்நேரம் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

மையம் நடக்கிற கட்டடம் அந்தக் காலத்து ஆயாக் கொட்டகை. நம் பகா ஊரைச் சுற்றி எல்லாம் ரப்பர்த் தோட்டமாக இருந்தபோது, பால் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனார்கள், கொட்டகை சும்மா கிடந்தது, அதை நமக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் இருக்கின்றன, நிமிர்ந்து பாருங்கள். வளர்ந்த ஆண்களையும் பெண்களையும் அதன் கீழே உட்கார வைத்துக் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இனி சூசையின் கதைக்கு வருகிறேன். நீங்கள் சேருவதற்கு முன்பே அவர் மையத்தை விட்டுப் போய்விட்டார், அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள். நாற்பதைத் தொட்ட மனிதர். மெதுவாகப் பேசுவார், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், பழகாதவர்களுக்குப் புரியாது. அம்மா அப்பா போனபின் அக்கா லூர்துவோடு இருக்கிறார். லூர்து சிரம்பான் போகிற வழியில் ஒரு கிலாங்கில், தொழிற்சாலைதான், ஷிப்ட் வேலை பார்ப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிதான் உலகம்.

மையத்தில் எல்லாருக்கும் சூசையைப் பற்றி ஒரு விஷயம் தெரியும்: மைலோ பானம் என்றால் அவருக்கு உயிர். காலையில் சமையல் அம்மா "சூசை, தே ஓ வேணுமா, மைலோ வேணுமா?" என்று கேட்பார். "மைலோ" என்பார். நாள் தவறாமல் இப்படித்தான். ஒருநாள் சமையல் அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒன்றும் கேட்காமல் இரண்டு கோப்பைகளையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். சூசை பால் கலக்காத தேநீரான தே ஓவை எடுத்துக் குடித்தார். மறுநாளும் பேசாமல் வைக்கச் சொன்னேன். மறுநாளும் தே ஓதான். பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டு, "மைலோ வேணுமா, தே ஓ வேணுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "தே ஓ" என்றார். எது கடைசியாகக் காதில் விழுகிறதோ அதைச் சொல்கிறார், அவ்வளவுதான். எத்தனை காலம் அந்த மனிதர் பிடிக்காத மைலோவைக் குடித்துக்கொண்டிருந்தாரோ! அதைப் பார்த்து நாம், "மைலோன்னா சூசைக்கு உயிர்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம்.

இதில் சூசையின் குறை ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து அவருக்குப் பழக்கியது அப்படி. பெரியவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்களுக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று தேடி, அதைச் சொன்னால் 'நல்ல பிள்ளை'. மாற்றிச் சொன்னால் 'முரண்டு பிடிக்குது'. நம் மையத்துக் காலை வணக்கத்தையே பாருங்கள். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கிறோம். "நல்லா இருக்கோம் டீச்சர்!" என்று ஒரே குரலில் வருகிறது. காய்ச்சலில் உடம்பு கொதிக்கிறவரும் அதைத்தான் சொல்வார். ஊர் முழுக்க இப்படிப்பட்ட மையங்களில் ஆமாம் சொல்லப் பழக்கியிருக்கிறோம். அந்த ஆமாமை வாங்கிக்கொண்டு போகத்தான் ஒரு கம்பெனி வந்தது.

அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். சூசைக்குப் பகாவில் ஒரு டோபிக் கடையில் துணி மடிக்கும் வேலை கிடைத்திருந்தது. வேலை செய்வதைவிட அங்கே போய் வருவதுதான் அவருக்குப் பெருமை. தோளில் பை, கையில் குடை, பஸ் நிறுத்தத்தில் தனியாக ஓர் ஆள். ஒரு மழை நாளில் பஸ் மாறி ஏறித் தம்பின் ஊரில் போய் இறங்கிவிட்டார். வழி கேட்டிருக்கிறார். பேச்சு குழறியதைப் பார்த்துக் குடிகாரன் என்று விரட்டியிருக்கிறார்கள். கடைசியில் யாரோ ஒரு நல்ல மனிதர் அவர் பையில் இருந்த அக்காவின் நம்பரைப் பார்த்து போன் செய்தார்.

"போன் வந்தப்ப எனக்குக் கை காலு ஓடல டீச்சர்," என்றாள் லூர்து. "இனி வேலையும் வேணாம், ஒன்னும் வேணாம். வீட்ல இருக்கட்டும் லா. நான் மெஷின் முன்னால நின்னுக்கிட்டு இவன் எங்க இருக்கானோன்னு நெனச்சா, என் வெரலே போயிரும்."

அவள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது. ஆனால் அந்த வேலை போனால் சூசைக்கு மிச்சம் என்ன இருக்கும்? கொக்கிகளுக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டுவது மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஒரு கைக்கடிகாரம் செய்கிறார்களாம். கட்டிக்கொண்டவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டுக்காரர்களின் போனில் தெரியும். 'அவர்களுக்காக மட்டுமல்ல, அவர்களோடு சேர்ந்து வடிவமைக்கிறோம்' என்று டைரக்டர் சொன்னார். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். வண்ண வண்ணக் காகிதங்கள், பேனாக்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி டீ சட்டை. காலையில் அம்மாக்களையும் அக்காக்களையும் உட்கார வைத்து, என்னென்ன பயம் என்று கேட்டுச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். மத்தியானம் நம் ஆட்களின் முறை வந்தது. டைரக்டர் மேலே நின்று கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி, "சுக்கா?" என்றார். "சுக்கா!" என்று கூரை அதிர்ந்தது. மலாயில் 'பிடித்திருக்கிறதா' என்று கேள்வி, பிடித்திருக்கிறது என்று பதிலாம். அதற்கு மேல் கேட்ட ஒரே கேள்வி, பட்டை நீலமா சிவப்பா என்பது.

கடிகாரம் எதற்கு, யாருக்கு, வேண்டுமா வேண்டாமா, எல்லாம் கோலாலம்பூரில் முடிவாகிவிட்டது. நிறத்தை மட்டும் இவர்களுக்கு விட்டு வைத்திருந்தார்கள். சூசையிடம் "நீலமா, சிவப்பா?" என்றார்கள். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். சிவப்புப் பட்டை கட்டிய கையோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த எரிச்சலை அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். கடிகாரம் இருந்தால் தம்பி வேலைக்குப் போகலாம் என்று லூர்து இறங்கி வந்திருந்தாள். வேலை நிலைத்தால் சரி என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. முதல் வாரம் தவிர, லூர்துவின் போனில் சூசை எப்போதும் வீட்டிலேயே இருந்தார். வேலைக்குப் போகிற நேரத்திலும் வீட்டிலேயே இருந்தார். அதைக் கவனிக்காமல் அவள் நிம்மதியாக ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் சோறு வைக்கப் போனவளுக்கு அரிசி டின்னுக்குள்ளிருந்து ஏதோ முனகுவது கேட்டது. கையை விட்டுத் துழாவினால் சிவப்புப் பட்டை, சார்ஜ் இறங்கிப் போய் முனகிக்கொண்டிருந்தது. சூசை தினமும் அதை அரிசிக்குள் புதைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பகாவுக்குப் போய் வந்திருக்கிறார். துணி மடித்திருக்கிறார். சரியான பஸ்ஸில் திரும்பியும் வந்திருக்கிறார்.

எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. கம்பெனிக்குச் செய்தி போனது. இவர் ஏன் இதை ஒளித்து வைத்தார் என்று அங்கே ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. 'பயனாளர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு, கட்டினால் கழற்ற முடியாத புதுப் பட்டை ஒன்றைச் செய்துவிட்டார்கள். பக்கவாட்டில் சின்னதாகப் பூட்டு. சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். ஒரு மனிதர் தனக்குப் பிடிக்கவில்லை என்று தன்னால் முடிந்த வழியில் சொல்லிவிட்டார். அதற்கு அவர்கள் கொடுத்த பதில் விலங்கு. இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரவில்லை என்றால் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம்.

புதுப் பட்டையை சிரம்பானில் ஒரு மண்டபத்தில் வெளியிட்டார்கள். பல ஊர் மையங்களிலிருந்தும் வேன்களில் ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பிரமுகர். அவர் கையாலேயே சூசைக்கு அந்தப் பட்டையைக் கட்டிப் பூட்டுவதாக ஏற்பாடு. நம் மையத்தின் குழுத் தலைவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் முந்திய வாரமே சண்டை போட்டிருந்தேன். "குடும்பத்துக்காரங்க சரின்னுட்டாங்க டீச்சர், நமக்கென்ன?" என்று முடித்துவிட்டார். லூர்துவும் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். "பூட்டுன்னா பூட்டு லா டீச்சர், உசுரோட இருந்தா போதும்," என்றாள்.

சூசையை மேடைக்குக் கூப்பிட்டார்கள். டைரக்டர் மைக்கை அவர் வாயருகே நீட்டி, "சுக்கா?" என்றார். சூசை கூட்டத்தைப் பார்த்தார். "சுக்கா" என்றார். கைதட்டல். பிரமுகர் எழுந்து சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார்.

இந்த இடத்தில் நிதானமாகக் கேளுங்கள். அந்த நிமிடத்தில் கூட்டத்தின் வாயை அடைக்கிற வித்தை என் கையில் இருந்தது. மேடை ஏறி, "சூசை, இது பிடிக்கலதானே?" என்று கேட்டால் போதும். "பிடிக்கல" என்றிருப்பார். திரும்ப "பிடிக்குதா?" என்றால் "பிடிக்குது". நாலு தடவை மாற்றி மாற்றிக் கேட்டிருந்தால் அந்தச் 'சுக்கா' எதற்கும் ஆகாதது என்று மண்டபத்துக்கே புரிந்திருக்கும். எழுந்தும் விட்டேன். அப்போது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ தெரியாது, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நான் செய்யப் போவதும் இந்த மனிதரை மேடையில் நிறுத்திப் பொம்மை ஆட்டுவதுதானே? நியாயம் என் பக்கம் இருந்தாலும், சிரிப்பு அவர் தலையில்தான் விழும். செய்யவில்லை.

அதற்குப் பதிலாக நேரே மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். "மன்னிக்கணும். மீ ஹூன் சூடா வந்துருச்சு. ஆறிப் போயிட்டா சமைச்சவங்க மனசு வருத்தப்படும். முதல்ல சாப்பிட்டுட்டு வந்து பட்டையக் கட்டலாமே?" என்று மலாய் மொழியில் சொன்னேன். நம் ஊரில் எந்தச் சடங்கையும் நிறுத்தக் கூடியது சாப்பாடு ஒன்றுதான். பிரமுகரின் முகம் மலர்ந்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். டைரக்டர் மட்டும் என்னை முறைத்தார்.

கம்பெனியில் பிரவீன் என்று ஓர் இளைஞன் இருந்தான். கடிகாரத்துக்குள் நடக்கிற வேலையெல்லாம் அவன் எழுதியது. மேடையோரமாக ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றவனை, "அந்தப் பழைய கடிகாரத்த எடுத்துக்கிட்டு என்கூட வா," என்று கூப்பிட்டேன். வந்தான். சூசையையும் கூட்டிக்கொண்டு, பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு மடக்கு மேசை கிடந்தது. சூசையிடம் கேட்டு அவர் தோள்பையை வாங்கி, அதில் இருந்ததை எல்லாம் அந்த மேசைமேல் எடுத்து வைத்தேன். பஸ் அட்டை, போன், துண்டு, தண்ணீர் போத்தல், குடை, ஒரு ஜெபமாலை. நடுவில் பிரவீனின் கையில் இருந்த கடிகாரத்தை வாங்கி வைத்தேன்.

"சூசை, நாளைக்கு டோபிக்குப் போகணும். பையக் கட்டுய்யா," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. பிரவீன் வாயைத் திறக்கப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சூசை துண்டை மடித்தார். தொழில்காரர் மடிப்பு, ஓரத்தோடு ஓரம் சேர்ந்தது. அதை அடியில் வைத்து, போத்தலைப் பக்கத்தில் செருகி, ஜெபமாலையை முத்தமிட்டு உள்ளே போட்டார். போனை வைத்தார். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குடையை மாட்டிக்கொண்டு பையின் வாயை மூடினார். கடிகாரம் மேசையிலேயே கிடந்தது.

பிரவீன் அதை அவர் பக்கம் நகர்த்தினான். "அண்ணே, இத மறந்துட்டீங்க."

சூசை குனிந்து பார்த்தார். "இது அக்காவோடது," என்றார்.

"இல்லண்ணே. இது உங்களுக்குத்தான். நாங்க உங்களுக்காகத்தான் செஞ்சோம்."

"அக்காவோடது," என்றார் மறுபடியும். பிறகு தானாகவே, "பஸ்ல கத்துது" என்றார்.

பிரவீனின் முகத்தைப் பார்த்தேன். விஷயம் எனக்கே புரியவில்லை. அவன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். போகிற பாதையை விட்டு விலகினால் கடிகாரம் குரல் கொடுக்குமாம். குடும்பத்தில் ஒருவரின் குரலைப் பதிந்து வைத்திருப்பார்களாம். பழகிய குரல் என்றால் மனசுக்கு இதமாக இருக்கும் என்பது யோசனை.

"ஆனா அவர் சரியான பஸ்லதானே போறாரு? ஏன் கத்தணும்?" என்று கேட்டேன்.

அவன் போனில் பாதையை எடுத்துக் காட்டினான். வீட்டிலிருந்து பகாவுக்கு நேர் ரோட்டில் ஒரு கோடு. காரில் போகிற பாதை. நம் பஸ் அந்த வழியாகவா போகிறது? இரண்டு தாமான்களுக்குள் நுழைந்து, பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டல்லவா போகிறது!

"தம்பி, நீங்க யாராச்சும் அந்த பஸ்ல ஏறிப் பாத்தீங்களா?" என்றேன். அவன் போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

"எப்படிக் கத்துது சூசை?" என்று கேட்டேன்.

சூசை நிமிர்ந்தார். தோளை அக்காவைப் போலவே சாய்த்துக்கொண்டார். அவருக்குச் சரளமாக வராத பேச்சு, அன்றைக்கு அவ்வளவு தெளிவாக வந்தது. "சூசை! எங்க போற? வீட்டுக்கு வா! சொன்னா கேக்க மாட்ட?" லூர்துவின் குரலேதான், அந்த இழுப்புக்கூடத் தப்பவில்லை. பிறகு தன் குரலில், "ஸ்கூல் பசங்க சிரிக்கிறாங்க. டிரைவரும் சிரிக்கிறாரு. தெனமும்," என்றார்.

என் பின்னால் தட்டு ஒன்று விழுந்தது. தம்பிக்கு மீ ஹூன் எடுத்துக்கொண்டு தேடி வந்த லூர்து அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"ஆசையாத்தான் பேசுனேன் டீச்சர்," என்றாள். "பொய்யில்ல. இவன் பயந்துறக் கூடாதுன்னு ஆசையாத்தான் பேசிக் குடுத்தேன். பஸ்ஸே சிரிச்சுச்சா? எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

சூசை கடிகாரத்தை எடுத்து, துடைத்து, அவள் கையில் கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். சூசை குனிந்து சிந்திய மீ ஹூனைப் பொறுக்கத் தொடங்கினார்.

லூர்து அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராக டைரக்டரிடம் போனாள். நானும் பின்னால் போனேன். "பூட்டு வேணாம் சார். என் தம்பி கைக்கு வேணாம்," என்றாள். குழுத் தலைவர் ஓடி வந்து, "டீச்சர், இத்தன பேர் முன்னால மானத்த வாங்காதீங்க," என்று என்னிடம் கெஞ்சினார். யார் மானத்தைப் பற்றிப் பேசினாரோ! தினமும் பஸ்ஸில் போன மானம் அவர் கணக்கில் வரவில்லை. டைரக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, 'அப்படியானால் இவர் எங்கள் கருவிக்குப் பொருத்தமானவர் இல்லை' என்றார். கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு கடிகாரத்துக்குப் பொருத்தமாக மனிதர் இருக்க வேண்டுமாம்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். சாப்பாடு முடிந்ததும் மேடைக்கு வேறொரு மையத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். இரட்டைச் சடை, புது பாஜு உடுப்பு. "சுக்கா?" என்றார்கள். "சுக்கா" என்றாள். பிரமுகர் பூட்டினார். கைதட்டல். நான் என்ன கத்தியும் யாரும் காதில் வாங்கவில்லை, மைக்கை எனக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தார்கள். பிறகு அந்த மையத்துக்குத் தேடிப் போனேன், சமூக நல அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தேன். நம் ஊர் வெயிலில் வியர்வை தேங்கி அந்தப் பெண்ணின் மணிக்கட்டு புண்ணானபின் கழற்றினார்கள். புண் வந்ததால் கழற்றினார்கள். புண் வராமல் இருந்திருந்தால் இன்னும் பூட்டியே வைத்திருப்பார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பிரவீன் மட்டும் அந்த வாரமே தனியாக வந்தான். கார் எடுத்து வரவில்லை. சூசையோடு பஸ்ஸில் ஏறினான், டோபியில் துணி மடித்துத் திட்டு வாங்கினான், திரும்பி வந்தான். "எப்படி ஆரம்பிக்கிறது டீச்சர்?" என்று கேட்டான். "முதல்ல இவுங்களுக்கு வேணாம்னு சொல்ல வரணும். அதுக்கு முன்னால நீ எதக் கொண்டாந்தாலும் வீண்," என்றேன்.

அதைத்தான் மையத்தில் பாடமாக்கினோம். வேண்டுமென்றே தவறான செருப்பை நீட்டுவோம். குளிர்ந்த சாப்பாட்டை வைப்போம். "வேணாம்" என்று தள்ளினால் அதை மதித்து உடனே எடுத்துக்கொள்வோம், பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. உங்களுக்கு முன் இருந்த பயிற்சியாளர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "இப்படிப் பழக்குனா அடங்க மாட்டாங்க டீச்சர்!" என்றார்கள். அடங்குவதற்கா இங்கே வருகிறார்கள்? சூசைக்கு அந்தச் சொல் வர ரொம்ப நாள் ஆனது. முதல் தடவை சொல்லிவிட்டு, அடி விழுமோ என்பது போல என் முகத்தையே பார்த்தார். யார் எப்போது அடித்தார்களோ, கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் பிரவீனின் வேலை நகர்ந்தது. அட்டையிலும் காகிதத்திலும் செய்து கொண்டுவந்து மேசைமேல் வைப்பான், சூசையும் இன்னும் நாலு பேரும் எடுத்துப் பார்ப்பார்கள். பாதியைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். பிரவீன் இரவெல்லாம் உழைத்து வரைந்ததும் அதில் போனது. அவன் முகம் சுண்டிப் போகும், நான் தே ஓ ஊற்றிக் கொடுப்பேன். கடைசியில் மிஞ்சியது போனில் இரண்டே பொத்தான். ஒன்றை அமுக்கினால் அக்காவுக்கு 'ஏறிட்டேன்' என்று செய்தி போகும். அமுக்குவதும் அமுக்காமல் விடுவதும் சூசையின் இஷ்டம். இன்னொன்றை அமுக்கினால், "நான் பகாவுக்குப் போக வேண்டும், எந்த பஸ் என்று காட்டுங்கள்" என்று மலாயில் உரக்கப் பேசும். எந்தக் குரல் என்பதில்தான் பெரிய தகராறு. பெண் குரல் வேண்டாம், பிரவீன் குரல் வேண்டாம், என் குரல் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு லோரி டிரைவரின் கட்டைக் குரல்தான் வேண்டும் என்று நின்றார். அந்தக் குரலைக் கேட்டு இதுவரை ஒருவரும் குடிகாரன் என்று விரட்டியதில்லை.

லூர்துவுக்குப் பயம் முழுக்கப் போகவில்லை. செய்தி வராத நாட்களில் எனக்கு போன் செய்து புலம்புவாள். சாயங்காலம் தம்பியைத் திட்டுவாள். "மறந்துட்டேன்" என்று அவர் சிரிப்பார், மறக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். சூசையின் வேலை நிற்கவில்லை. டைரக்டருக்கு இரண்டு பொத்தானில் ஆர்வமில்லை, பிரவீன் அங்கிருந்து விலகிவிட்டான். ஆனால் கம்பெனியின் விளம்பரத் தாளில் சிவப்புப் பட்டையோடு சூசை இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருக்கிறார். 'அவர்களோடு சேர்ந்து வடிவமைத்தது' என்று கீழே போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. இனி நீங்கள் எழுதுங்கள்.

என்னை வழியனுப்பிய நாளையும் சொல்லிவிடுகிறேன். நம் கொட்டகையில்தான் விழா. தலைவர் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். முக்கியமான நிகழ்ச்சி, சூசை வந்து எனக்கு மாலை போடுவது. படம் எடுக்க ஆள் தயாராக நின்றார். மாலைத் தட்டை நீட்டி, மைக்கில் எல்லாரும் கேட்கும்படி தலைவர், "சூசை, டீச்சருக்கு மாலை போடுறியா?" என்றார்.

சூசை மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே ரோட்டைப் பார்த்தார்.

"வேணாம்," என்றார். "பஸ் வந்துரும்."

சூசை என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், குடையை மாட்டிக்கொண்டு நடுவழியாக நடந்து வெளியே போய்விட்டார். தலைவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க டீச்சர், பிள்ளைங்க இல்லயா, தெரியாது," என்றார்.

மாலையைத் தட்டிலிருந்து எடுத்து நானே என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் மறைத்தது. ஏற்புரை சொல்ல எழுந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லூர்துவின் போன் சத்தம் போட்டது. அவள் எடுத்துப் பார்த்தாள்.

"ஏறிட்டான் டீச்சர்," என்றாள்.